கலெக்டர் (சொல்)

கலெக்டர் என்பது ஆங்கிலத்திலிருந்து தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய இந்திய மொழிகளுக்கு வந்த சொல் ஆகும். ஆங்கிலத்தில் இதன் நேர்ப்பொருள் "திரட்டுபவர்" அல்லது "தண்டுபவர்" என்பதாகும். இந்தியாவில் இது ஒரு மாவட்டத்தின் தலைமை நிர்வாக அலுவலரின் பதவிப் பெயராக வழங்குகிறது. இச்சொல்லைத் தெலுங்கில் பெயர்க்கும்போது, பொருளுக்கு ஏற்ப வெவ்வேறு தெலுங்குச் சொற்கள் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் மாவட்ட அலுவலரைக் குறிக்கும் இடத்தில் மட்டும் அது பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படாமல் "கலெக்டரு" என்றே எழுதப்படுகிறது. தமிழக அரசின் வழக்கில் இதற்கு மாறாக "மாவட்ட ஆட்சியர்" என்ற மொழிபெயர்ப்பு நிலைபெற்றுள்ளது.

தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் பேசப்படும் தருமபுரி மாவட்டத்தில் இவ்விரு வழக்குகளும் அருகருகே காணப்படுகின்றன. 1792 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய் நிர்வாகம் தொடங்கிய பாராமகால் நிலப்பகுதியில் இம்மாவட்டமும் அடங்கும் என்பதால், இச்சொல்லின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

இக்கட்டுரையில் தெலுங்குச் சொற்கள் தமிழ் எழுத்துகளில் தரப்பட்டுள்ளன.

சொற்பிறப்பு

கலெக்டர் என்னும் சொல்லின் மூலம் இலத்தீன் மொழியாகும். "ஒன்றாகச் சேர்" என்னும் பொருள்தரும் இலத்தீன் வினையிலிருந்து ஆங்கிலத்தில் "கலெக்ட்" என்ற வினைச்சொல்லும், அதனைச் செய்பவரைக் குறிக்கும் "கலெக்டர்" என்ற பெயர்ச்சொல்லும் வழங்கலாயின. வரி அல்லது கடன் தொகையைத் தண்டுபவர் என்பது இதன் பழைய பொருள்களுள் ஒன்று.

ஆங்கிலத்தில் இச்சொல் இன்று பின்வரும் பொருள்களில் ஆளப்படுகிறது.

* வரி, கட்டணம், நன்கொடை போன்றவற்றைத் தண்டுபவர்.
* நாணயம், அஞ்சல்தலை, ஓவியம் முதலியவற்றை விருப்பத்துடன் சேர்ப்பவர்.
* திரிதடையத்தின் (டிரான்சிஸ்டரின்) மூன்று பகுதிகளுள் ஒன்று. தமிழ்ப் பாடநூல்களில் இது "ஏற்பான்" எனப்படுகிறது.
* இந்தியாவில், மாவட்டத்தின் தலைமை நிர்வாக அலுவலர்.

தெலுங்கில் பொருளும் பயன்பாடும்

பொருளுக்கு ஏற்ற சொற்கள்

நாணயம், அஞ்சல்தலை போன்றவற்றைச் சேர்ப்பவரைக் குறிக்கத் தெலுங்கில் "சேகரிஞ்சு" என்ற வினையிலிருந்து பிறந்த சொற்கள் பயன்படுகின்றன. இது தமிழில் வழங்கும் "சேகரி" என்ற வினைக்கு இணையானது. வரி தண்டுவதைக் குறிக்க "பன்னு வசூலு" என்ற தொடர் வழங்குகிறது. இதில் "பன்னு" என்பது வரியைக் குறிக்கும். "வசூலு" என்பது தமிழின் "வசூல்" போலவே அரபு மூலத்தைக் கொண்டது.

கட்டணம் தண்டும் சில பணிகளின் பெயரில் ஆங்கிலச் சொல்லே நின்றுவிட்டது. "பில் கலெக்டரு", "டிக்கெட் கலெக்டரு" என்பன இதற்கு எடுத்துக்காட்டுகள் ஆகும். தமிழ்ப் பேச்சு வழக்கிலும் இவை அவ்வாறே உள்ளன.

மாவட்ட அலுவலரைக் குறிக்க "ஜில்லா கலெக்டரு" என்பதே தெலுங்கில் மிகுதியாக வழங்கும் பெயராகும். "ஜில்லா பாலனாதிகாரி" என்ற மொழிபெயர்ப்பும் உண்டு. இதில் "பாலன" என்பது ஆட்சி அல்லது நிர்வாகத்தைக் குறிக்கும். இச்சொல் நாளிதழ்களிலும் மேடைகளிலும் காணப்படுகிறது. எனினும் பேச்சு வழக்கில் இது கலெக்டரு என்ற சொல்லின் இடத்தைப் பிடிக்கவில்லை.

நேர் மொழிபெயர்ப்பின் சிக்கல்

கலெக்டர் என்ற பதவிப் பெயரைத் தெலுங்கில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "வசூலு சேசேவாடு" அல்லது "சேகரிஞ்சேவாடு" என்று வரும். அகராதிகளில் ஆங்கில வினைமுதற் பெயர்களுக்குப் பொருள் எழுதும்போது "-வாடு" என்று முடிப்பது பழைய மரபாகும். ஆனால் இந்த ஈறு தமிழின் "-அவன்" போன்றது. அது ஆண்பாலை மட்டும் குறிக்கும், மரியாதையும் காட்டாது. உயர் அலுவலர் ஒருவரைக் குறிக்க இவ்வடிவம் பொருந்தாது. மரியாதை ஈறான "-வாரு" சேர்த்து எழுதினாலும், பணம் தண்டுபவர் என்ற பொருளே மேலோங்கி நிற்கும்.

இரண்டாவது சிக்கல் பொருள் சார்ந்தது. இப்பதவி வரி தண்டுதலில் தொடங்கினாலும், நிலத் தகராறுகள், சட்டம் ஒழுங்கு, பஞ்ச நிவாரணம் முதலியவை விரைவில் இதனுடன் சேர்ந்துவிட்டன. எனவே நேர்ப்பொருளைத் தரும் சொல் பதவியின் ஒரு பகுதியை மட்டுமே குறிப்பதாகிறது. ஆங்கிலச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்ட மொழிகளில் இச்சிக்கல் எழவில்லை. மூலப்பொருள் அறியாத மக்களுக்கு அது ஒரு பதவியின் பெயர் மட்டுமே.

ஒலியும் இலக்கணமும்

தெலுங்குச் சொற்கள் பொதுவாக உயிரொலியில் முடிவன. எனவே மெய்யில் முடியும் ஆங்கிலச் சொல்லுடன் உகரம் சேர்ந்து "கலெக்டரு" என்றாகிறது. தமிழ்ப் பேச்சிலும் உகரம் சேர்த்து ஒலிப்பதுண்டு என்றாலும், எழுத்து வழக்கில் "கலெக்டர்" என்றே எழுதப்படுகிறது. தெலுங்கில் உகர வடிவமே மரபான எழுத்து வடிவமாகும். அண்மைக்காலத்தில் நாளிதழ்கள் உகரமின்றியும் எழுதுகின்றன.

இச்சொல்லின் பன்மை "கலெக்டர்லு" ஆகும். மரியாதை கருதி "காரு" என்ற சொல் பின்னால் சேர்க்கப்பட்டு "கலெக்டரு காரு" என வழங்கும். இதன் முதல் ஒலி "கங்கை" என்பதன் முதல் ஒலி போன்றது. வேற்றுமை ஏற்கும்போது "காரு" என்பது "காரி" எனத் திரியும். 1987 ஆம் ஆண்டில் வெளியான "கலெக்டர் காரி அப்பாயி" என்ற தெலுங்குத் திரைப்படத்தின் பெயர் இதற்கு எடுத்துக்காட்டாகும். "கலெக்டர் அவர்களின் மகன்" என்பது இதன் பொருள்.

இச்சொல் இருபாலர்க்கும் பொதுவானது. கே. பாலசந்தர் இயக்கிய "இரு கோடுகள்" (1969) என்ற தமிழ்ப் படத்தின் கதைத்தலைவி ஒரு மாவட்ட ஆட்சியர் ஆவார். இப்படம் தெலுங்கில் மீண்டும் எடுக்கப்பட்டபோது, "கலெக்டர் ஜானகி" (1972) எனப் பெயரிடப்பட்டது. "-வாடு" ஈற்றுச் சொல்லால் இயலாத இப்பயன்பாடு கடன்சொல்லால் எளிதாகிறது.

தருமபுரிப் பகுதியில்

தருமபுரி மாவட்டத்தில் தமிழ் பெரும்பான்மை மொழியாகும். தெலுங்கையும் கன்னடத்தையும் தாய்மொழியாகக் கொண்டோரும் இங்கு வாழ்கின்றனர். மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்றான பாப்பிரெட்டிப்பட்டியின் பெயரில் "ரெட்டி" என்ற தெலுங்குச் சொல்லும் "பட்டி" என்ற தமிழ்ச் சொல்லும் இணைந்துள்ளன.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சில் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி இதில் அடங்கும். அப்பகுதியை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீடு அமர்த்தப்பட்டார். அவருக்கு உதவியாக வில்லியம் மெக்லியாடு, ஜேம்ஸ் ஜார்ஜ் கிரகாம், தாமஸ் மன்றோ ஆகியோர் பணியாற்றினர். மன்றோ 1799 வரை பாராமகாலில் இருந்தார். தருமபுரி அவருடைய இருப்பிடமாக விளங்கியது.

ரீடும் மன்றோவும் நிலங்களை அளந்து, இடைத்தரகர் இன்றிக் குடியானவர்களிடமே வரி பெறும் முறையை இங்கு உருவாக்கினர். இதுவே பின்னர் ரயத்துவாரி முறை எனப் பெயர் பெற்றது. ஜமீன்தாரி முறையில் கலெக்டர் ஜமீன்தாரிடமிருந்து தொகையைப் பெறுவார். குடியானவர் அறிந்தது ஜமீன்தாரை மட்டுமே. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவரின் நிலமும் வரியும் கலெக்டரின் கணக்கில் ஏறின. தீர்வை கூடினாலும் குறைந்தாலும், பயிர் பொய்த்து வரித் தள்ளுபடி வேண்டினாலும், குடியானவர் கலெக்டரின் அலுவலகத்தையே நாட வேண்டியிருந்தது. இச்சொல் சிற்றூர் வரை பரவியதற்கு இம்முறை ஒரு முக்கியக் காரணமாகும். இடையில் சேலம் மாவட்டத்தில் மிட்டா முறை புகுத்தப்பட்ட போதிலும், மன்றோ சென்னை மாகாண ஆளுநராக இருந்த காலத்தில் (1820-1827) ரயத்துவாரி முறை மாகாணத்தில் மீண்டும் வலுப்பெற்றது.

"ரயத்து" என்ற சொல்லும் இங்குக் குறிப்பிடத்தக்கது. இதுவும் அரபு மூலத்தைக் கொண்ட சொல் ஆகும். தமிழில் இது "ரயத்துவாரி" போன்ற சில தொடர்களில் மட்டும் எஞ்சியுள்ளது. தெலுங்கில் இது "ரைத்து" என்னும் வடிவில் உழவரைக் குறிக்கும் அன்றாடச் சொல்லாகவே ஆகிவிட்டது. கலெக்டர், ரைத்து என்ற இரு சொற்களும் ஒரே வருவாய் முறையின் இரு முனைகளைக் குறித்தவை.

மன்றோ 1800 ஆம் ஆண்டில், ஐதராபாத் நிசாம் விட்டுக்கொடுத்த தெலுங்குப் பகுதிகளுக்குத் தலைமைக் கலெக்டராக நியமிக்கப்பட்டு, 1807 வரை பணியாற்றினார். பாராமகாலில் பெற்ற பட்டறிவை அவர் அங்கும் பயன்படுத்தினார். ஆங்கிலேயர் இப்பகுதிக்கு இட்ட பெயர் தெலுங்கில் "தத்த மண்டலாலு", அதாவது கொடுக்கப்பட்ட மாவட்டங்கள், என மொழிபெயர்க்கப்பட்டது. அப்பெயர் மதிப்புக் குறைவானது என்று கருதப்பட்டதால், 1928 ஆம் ஆண்டு நந்தியாலில் நடந்த ஆந்திரர் மாநாட்டில் "ராயலசீமா" என்ற பெயர் முன்மொழியப்பட்டு, பின்னர் நிலைபெற்றது. அதே பகுதியில் "கலெக்டரு" என்ற சொல் மாற்றமின்றித் தொடர்கிறது.

தருமபுரி நீண்டகாலம் சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமாக ஆக்கப்பட்டது. 2004 பிப்ரவரி 9 அன்று அதிலிருந்து கிருட்டிணகிரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. தெலுங்கு பேசுவோர் மிகுதியாக உள்ள ஓசூர்ப் பகுதி கிருட்டிணகிரி மாவட்டத்தில் சேர்ந்தது.

இன்று தருமபுரி மாவட்டத்தில் அலுவலகப் பெயர்ப்பலகைகளிலும் மனுக்களிலும் "மாவட்ட ஆட்சியர்" அல்லது "மாவட்ட ஆட்சித் தலைவர்" என எழுதப்படுகிறது. பேச்சில் தமிழர், தெலுங்கர் ஆகிய இரு சாராரிடமும் கலெக்டர் என்ற சொல் வழங்குகிறது. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் இதே பொறுப்பிலுள்ள அலுவலர் ஆங்கிலத்தில் துணை ஆணையர் எனப் பொருள்படும் பெயராலும், கன்னடத்தில் "ஜில்லாதிகாரி" என்றும் அழைக்கப்படுகிறார்.

அகராதி தொகுத்த அலுவலர்கள்

ஆங்கிலத்துக்கும் தெலுங்குக்கும் இடையிலான தொடக்ககால அகராதிகளையும் இலக்கணங்களையும் எழுதியவர்களுள் பலர் கம்பெனியின் வருவாய், நீதித்துறை அலுவலர்கள் ஆவர். குடியானவரின் மனுவைப் படிக்கவும், கணக்கர் எழுதியதைச் சரிபார்க்கவும் மக்களின் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற தேவையே இதற்குக் காரணமாகும். இளம் அலுவலர்களுக்குத் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்பிக்க 1812 ஆம் ஆண்டில் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது.

* பிரான்சிஸ் வைட் எல்லிசு சென்னையின் கலெக்டராக இருந்தவர். தெலுங்கு சமசுகிருதத்திலிருந்து பிறந்ததன்று, அது தமிழ், கன்னடம் ஆகியவற்றுடன் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அவர் சான்றுகளுடன் நிறுவினார். இக்கட்டுரை 1816 ஆம் ஆண்டில் கேம்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலின் முகவுரைக் குறிப்பாக வெளிவந்தது.
* ஏ. டி. கேம்பெல் அவ்விலக்கணத்துடன் 1821 ஆம் ஆண்டில் தெலுங்கு அகராதி ஒன்றையும் வெளியிட்டார். பின்னர் பெல்லாரியின் கலெக்டராக இருந்தபோது, ஆளுநர் மன்றோ கேட்டுக்கொண்டதற்கு இணங்க, அங்கிருந்த நாட்டுப் பள்ளிகள் பற்றி 1823 இல் ஓர் அறிக்கை அளித்தார்.
* சார்லசு பிலிப் பிரவுன் (1798-1884) கடப்பையில் வருவாய்ப் பணியில் சேர்ந்து தெலுங்கு கற்றவர். அவருடைய தெலுங்கு-ஆங்கில அகராதி 1852 இல் வெளிவந்தது. ஆங்கில-தெலுங்கு அகராதியையும் அவர் தொகுத்தார். தெலுங்கில் கலந்து வழங்கும் அயற்சொற்களுக்கு எனத் தனி அகராதி ஒன்றை 1854 இல் வெளியிட்டார்.

அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் வழங்கிய தெலுங்கில் அரபு, பாரசீக, உருது, ஆங்கிலச் சொற்கள் எவ்வளவு கலந்திருந்தன என்பதை, அவற்றுக்குத் தனி அகராதி தேவைப்பட்டதிலிருந்து அறியலாம். ஜில்லா, தாசில்தார், ஜமாபந்தி, கச்சேரி முதலிய சொற்கள் தமிழுக்கும் தெலுங்குக்கும் இவ்வாறே பொதுவாயின.

தமிழில்

தமிழில் தொடக்கத்தில் "ஜில்லா கலெக்டர்" என்றே வழங்கியது. 1911 சூன் 17 அன்று மணியாச்சி தொடருந்து நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்ட ஆஷ், "கலெக்டர் ஆஷ்" என்றே இன்றும் குறிப்பிடப்படுகிறார்.

தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956 ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதையொட்டி ஆட்சிச்சொற்கள் தமிழாக்கப்பட்ட காலத்தில், நேர்ப்பொருளைத் தழுவிய "தண்டல் நாயகர்", "தண்டலர்" என்பன கலெக்டருக்கு இணையாக ஆளப்பட்டன. "தண்டு" என்ற வினை வரி திரட்டுதலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் ஆகும். எனினும் மாவட்ட அலுவலருக்கு இப்பெயர்கள் நிலைக்கவில்லை. பதவியின் செயலை அடிப்படையாகக் கொண்ட "ஆட்சித் தலைவர்", "ஆட்சியர்" என்பன நிலைபெற்றன. அவற்றை ஒட்டி வருவாய்க் கோட்டாட்சியர், வட்டாட்சியர் என்ற பெயர்களும் அமைந்தன.

தண்டலர் என்ற சொல் முற்றிலும் மறையவில்லை. பில் கலெக்டர் என்பதற்கு "வரித்தண்டலர்" என்ற பெயர் உள்ளாட்சி அமைப்புகளில் வழங்குகிறது. எனவே ஒரே ஆங்கிலச் சொல் தமிழில் இரண்டாகப் பிரிந்துள்ளது. உண்மையிலேயே வரி தண்டும் பணியாளர் தண்டலர் ஆனார். மாவட்ட அலுவலர் ஆட்சியர் ஆனார். தெலுங்கில் இரு பணிகளுக்கும் கலெக்டரு என்ற ஒரே சொல் நிற்கிறது. அதற்கு முன்னுள்ள அடைமொழியே வேறுபாட்டைக் காட்டுகிறது.

இலங்கையில்

1796 ஆம் ஆண்டில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் வசமானபோது, சென்னை மாகாண வருவாய் முறை அங்கும் கொண்டுசெல்லப்பட்டது. சென்னையிலிருந்து வந்த அலுவலர்களின் வரி தண்டல் முறைகள் 1797 ஆம் ஆண்டில் கிளர்ச்சிக்கு இடமளித்தன. பின்னர் அங்கு மாவட்ட நிர்வாகத் தலைவருக்கு "அரசாங்க அதிபர்" என்ற பெயர் நிலைத்தது. கலெக்டர் என்ற பெயர் வழக்கொழிந்தாலும், அவருடைய அலுவலகத்தைக் குறித்த "கச்சேரி" என்ற சொல் இலங்கைத் தமிழில் இன்றும் வாழ்கிறது.

பொருள் மாற்றம்

சுங்க, கலால் துறைகளிலும் முன்னர் கலெக்டர் என்ற பதவி இருந்தது. 1995 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் அப்பெயர் "ஆணையர்" என மாற்றப்பட்டது. வரி திரட்டுவதையே முதன்மைப் பணியாகக் கொண்ட துறைகளில் இப்பெயர் கைவிடப்பட்டது. வரி திரட்டல் ஒரு சிறு பகுதியாகிவிட்ட மாவட்ட நிர்வாகத்தில் அது தொடர்கிறது.

பழைய பொருள் சில சட்டங்களிலும் நடைமுறைகளிலும் எஞ்சியுள்ளது. 1864 ஆம் ஆண்டின் வருவாய் மீட்புச் சட்டத்தின் கீழ் நிலுவைத் தொகையை மீட்கும் அதிகாரம் கலெக்டருக்கு உண்டு. தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் பசலி ஆண்டு முடிவதையொட்டி வட்டந்தோறும் ஜமாபந்தி என்னும் வருவாய்த் தீர்வாயம் நடத்தப்படுகிறது. 2013 ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்திலும் கலெக்டர் என்ற சொல்லே வரையறுக்கப்பட்டுள்ளது. துணை ஆணையர் என்ற பெயரில் இருப்பவரும் அவ்வரையறையில் அடங்குவார்.

இன்றைய ஆட்சியர் மாவட்டத்தின் தேர்தல் அலுவலர் ஆவார். 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரும் அவரே. தமிழகத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் பொதுமக்கள் அவரிடம் மனு அளிக்கின்றனர். தெலங்கானாவில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் இத்தகைய கூட்டம் "பிரஜாவாணி" எனப்படுகிறது. முன்னர் மக்களிடமிருந்து வரியைப் பெற்ற அலுவலகம் இவற்றில் மனுவைப் பெறும் அலுவலகமாக உள்ளது.

இப்பொருள் மாற்றத்துடன் பொறுப்பும் சேர்ந்தே வந்துள்ளது என்பதற்குத் தருமபுரி மாவட்டத்திலேயே சான்று உண்டு. அரூர்ப் பகுதியிலுள்ள வாச்சாத்தி என்ற பழங்குடியினர் ஊரில், 1992 சூன் 20 அன்று, சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தனர். ஊரார் தாக்கப்பட்டனர், வீடுகள் சேதப்படுத்தப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அப்போது உயிருடன் இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இத்தீர்ப்பை உறுதி செய்தது. அத்துடன், நிகழ்வு நடந்தபோது பதவியில் இருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. தம் மாவட்டத்து மக்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் என்ற பொருள் இவ்வாணையில் இப்பதவிக்குக் கொள்ளப்பட்டுள்ளது. "திரட்டுபவர்" என்ற மூலப்பொருளில் இது இல்லை.

எனவே இச்சொல்லுக்குத் தெலுங்கிலோ தமிழிலோ இணைச்சொல் தேடும் மாணவர், முதலில் அது எப்பொருளில் வந்துள்ளது என்பதை அறிய வேண்டும். பொருள்களைச் சேர்ப்பவர், வரி தண்டுபவர், மாவட்ட அலுவலர் ஆகிய மூன்றுக்கும் தமிழில் மூன்று சொற்கள் உள்ளன. தெலுங்கில் முதல் இரண்டுக்கும் தெலுங்குத் தொடர்கள் பொருந்தும். மூன்றாவதற்கு "கலெக்டரு" என்பதே பொருத்தமான மொழிபெயர்ப்பாகக் கொள்ளப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* மாவட்ட ஆட்சித் தலைவர்
* தருமபுரி மாவட்டம்
* பாராமகால்
* தாமஸ் மன்றோ
* ரயத்துவாரி முறை
* சார்லசு பிலிப் பிரவுன்
* வாச்சாத்தி வன்முறை